குழாய்க்கும் நாணயம் வேண்டும்!

சிலிண்டர் எப்போது தீரும் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை, வாசலில் விருந்தாளி, அடுப்பில் பாதி வெந்த பருப்பு... சரியாக அப்போதுதான்! அதனாலேயே, ‘இனிமே தண்ணி மாதிரி கேஸும் குழாயிலேயே வந்துடும்’ என்று யாராவது சொன்னால், கேட்பவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மும்பை, டில்லி, அகமதாபாத்காரர்களுக்கு இது பழைய கதை. நமக்கு 2019-ல் எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் திறந்த பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது. மைனஸ் 160 டிகிரிக்குக் குளிரவைத்து, திரவமாகக் கப்பலில் வரும் இயற்கை எரிவாயுவை அங்கே மறுபடி வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். சென்னையில் சில பகுதிகளில் அது அடுப்பு வரைக்கும் வந்தாயிற்று.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதுபற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். கம்பெனியிலிருந்து ஓர் இளம் எஞ்சினீயர் வந்திருந்தார். டெபாசிட் எவ்வளவு, மீட்டரை எங்கே மாட்டுவீர்கள் என்ற கேள்விகள் முடிந்ததும், மூன்றாவது மாடி மாமி விஷயத்துக்கு வந்தார்.

“ஏம்ப்பா, தெரு பூரா பூமிக்கடியில கேஸ் ஓடும்கிறே. கசிஞ்சா?”

“சிலிண்டர் கேஸ் காத்தைவிடக் கனம் மாமி. கசிஞ்சா தரையோட படுத்துடும். இது லேசு. மேலே போயிடும்.”

“மேலேன்னா... கொசு வருதுன்னு சமையல்கட்டு வெண்டிலேட்டரை அட்டை வெச்சு அடைச்சிருக்கோமே?”

“முதல்ல அந்த அட்டையை எடுத்துடுங்க மாமி!”

கூட்டம் சிரித்தது. ஆனால், மாமி கை வைத்தது சரியான இடத்தில். காற்றில் இந்த வாயு 5 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் தீப்பிடிக்காது. 15-க்கு மேலே போனாலும் பிடிக்காது. நடுவில் இருக்கிற அந்தப் பத்துதான் எமன்! வெளியே போக வழியில்லாவிட்டால் வாயு கூரைக்கடியில் தேங்கி, அந்தப் பத்துக்குள் சௌகரியமாக வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். இயற்கை எரிவாயுவுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது. 1937 மார்ச் 18-ம் தேதி அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் தரைக்கடியில் வாயு கசிந்து தேங்கியது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு சின்னப் பொறி... கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், பலியானார்கள். அதற்குப் பிறகுதான் வாயுவில் நாற்றம் கலப்பது சட்டமாகிப் பரவியது. அழுகின முட்டைகோஸ் மாதிரி அடிக்கிறதே, அது மெர்காப்டன் என்ற ரசாயனத்தின் உபயம். தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது காற்றில் வெறும் 1 சதவிகிதம் கலந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

கணக்கு என்றதும் என் காது நிமிர்ந்தது. நான் பி.காம். எஞ்சினீயர் அடுத்து ‘இன்டெக்ரிட்டி மேனேஜ்மென்ட்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டார். எங்கள் படிப்பில் இன்டெக்ரிட்டி என்றால் நாணயம். கல்லாப்பெட்டியில் உட்காருகிறவனுக்கு இருக்க வேண்டியது. குழாய்க்கு எதற்கு நாணயம்?

வேண்டுமாம். ஊர் எல்லையில் ஒரு நிலையத்தில் வாயுவை வாங்கி, அளந்து, அழுத்தத்தைக் குறைத்து, நாற்றம் சேர்த்து உள்ளே விடுகிறார்கள். பெரிய சாலைகளில் இரும்புக் குழாய். தெருக்களில் பாலிஎத்திலீன் குழாய். தெருக்குழாயில் அழுத்தம் 4 பார் வரை இருக்கலாம். நாற்பது மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் இருக்கும் அழுத்தம்! உங்கள் அடுப்புக்கு வருவதோ 21 மில்லிபார். ஒரு சாண் தண்ணீரின் அழுத்தம். நாற்பது மீட்டரை ஒரு சாணாக்கும் வேலையை ரெகுலேட்டர் பார்க்கிறது.

இப்படி ஒரு சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் சொன்னபடி நடந்துகொள்கிறதா என்று வாழ்நாள் பூராவும் கண்காணிப்பதுதான் அந்த நாணயம். எந்தக் குழாய், எந்த வருஷம் புதைத்தது, யார் இணைத்தது, எத்தனை அழுத்தத்தில் சோதித்தது, தெருமுனையிலிருந்து எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழத்தில்... எல்லாம் ஏட்டில் இருக்க வேண்டும். இரும்புக் குழாய்க்கு மேல்பூச்சு போதாதென்று லேசாக மின்சாரமும் கொடுத்து, துருப்பிடிக்கிற வேலையைப் பக்கத்தில் புதைத்த வேறொரு உலோகத் துண்டின் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த மின் அளவையும் அவ்வப்போது குறிக்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று கருவியோடு தெருத் தெருவாக நடக்க வேண்டும். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே அடிக்கடி போக வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், இது அசையாச் சொத்துப் பதிவேடு, சரக்கிருப்புச் சோதனை, ஆடிட் மூன்றும் சேர்ந்தது. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் நகர எரிவாயுவுக்கு 2008-ல் தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகளைக் கொண்டு வந்தது. இந்த நாணயத்துக்கென்றே 2013-ல் தனி விதிகள் போட்டது.

நாணயம் தவறினால் என்ன ஆகும்? 2014 ஜூன் 27 விடியற்காலையில், ஆந்திராவில் ‘நகரம்’ என்ற கிராமத்தில் வெடித்தது வாயுவைத் தொலைதூரம் கடத்தும் பெரிய குழாய். ஈரமான வாயு உள்ளே ஓடி ஓடிக் குழாயை அரித்திருந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

‘அது துரு. ஏட்டில் ஓர் எழுத்து விட்டுப்போனால் என்ன குடியா முழுகிவிடும்?’ என்று கேட்பவர்களுக்காக ஒரு நிஜக் கதை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ், ஆண்டோவர், நார்த் ஆண்டோவர் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கொலம்பியா கேஸ் கம்பெனிக்காகப் பழைய வார்ப்பிரும்புக் குழாயை மாற்றிப் பிளாஸ்டிக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்த வேலைதான்! ரெகுலேட்டருக்கு ஒரு மூக்கு உண்டு. குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று மோப்பம் பிடித்துச் சொல்லும் சின்னக் குழாய் அது. அந்த மூக்கு பழைய குழாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் புதுக் குழாயில் மாட்ட வேண்டும் என்று வேலைத் திட்டத்தில் எழுதவில்லை. மூக்கு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு ஒரு பிரிவிடம். திட்டம் போட்டது வேறு பிரிவு.

2018 செப்டம்பர் 13, மாலை நான்கு மணி. பழைய குழாயைத் துண்டித்தார்கள். அதில் அழுத்தம் இறங்கியது. ‘ஐயோ, ஊருக்கு வாயு போதவில்லை’ என்று மூக்கு தகவல் சொல்ல, விசுவாசமான ரெகுலேட்டர் கதவை முழுக்கத் திறந்துவிட்டது! அங்கே வீட்டுக்கு வீடு தனி ரெகுலேட்டர் கிடையாது. அத்தனை அழுத்தமும் நேராக அடுப்புக்கும் வெந்நீர் பாய்லருக்கும் போனது. வேறு மாநிலத்திலிருந்த கண்காணிப்பு அறையில் அபாய மணி அடித்தது. ஆனால், அங்கிருந்தபடி வால்வை மூட வசதியில்லை.

மூன்று ஊர்களிலும் வீடுகள் பற்றி எரிந்தன. 131 கட்டடங்களுக்குச் சேதம். காரில் உட்கார்ந்திருந்த 18 வயசுப் பையன், இடிந்து விழுந்த புகைபோக்கி நசுக்கி இறந்துபோனான். இருபதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில். 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட கம்பெனி கட்டிய அபராதம் 5 கோடியே 30 லட்சம் டாலர்.

துருவும் இல்லை, ஓட்டையும் இல்லை. எல்லா இயந்திரமும் ஒழுங்காக வேலை செய்தது. விட்டுப்போனது ஏட்டில் ஒரு வரி!

நம் ஊருக்கு வருவோம். இங்கே அந்த ஒரு வரியை அழிக்கப் பலர் இருக்கிறார்கள். மழைநீர் வடிகாலுக்கு ஒருவர் தோண்டுவார், மூடிய மறுவாரம் கேபிளுக்கு இன்னொருவர், அடுத்து குடிநீர். கேஸ் குழாயை ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே எச்சரிக்கை விரிப்பும் போடச் சொல்கிறது விதி. பொக்லைனின் இரும்புக் கைக்குப் படிக்கத் தெரியுமா? இதற்காகவே 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்று ஒரு செயலி கொண்டு வந்தது. தோண்டுகிறவர் முன்கூட்டியே சொன்னால், பூமிக்கடியில் சொத்து வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். அவர் தன் ஏட்டைப் பார்த்து ‘இங்கே இருக்கு, ஜாக்கிரதை’ என்பார். ஏடு சரியாக இருந்தால்!

வீட்டுக்காரர்களுக்கும் சில கடமைகள். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், வெளியே போய் அங்கிருந்து போன் பண்ணுங்கள். அவசர எண்ணை இப்போதே வாசல் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். மீட்டரைச் சுற்றி அழகுக்கு அலமாரி கட்டாதீர்கள். முக்கியமாக, சுவரோரம் போகும் கேஸ் குழாயைக் கொடிக்கம்பியாக்கி ஈரத்துணி காயப் போடாதீர்கள்! எங்கள் கூட்டத்தில் அதைச் சொன்னபோது நான்கைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த முறை உங்கள் தெருவில் பொக்லைன் வந்து நின்றால், நூறு பேர் வேடிக்கை பார்ப்போம். அதில் ஒருவராவது கேட்கலாம்: “அண்ணே, கீழே என்ன இருக்குன்னு கேட்டுட்டுத்தானே தோண்டறீங்க?”

முறைப்பார். பரவாயில்லை. முறைத்தால் வெடிக்காது!