தெருவில் ஒரு மணி நேரம்: ஸ்ட்ரீட் ஓரியன்டியரிங் பற்றி நம் பிள்ளைகளுக்கு



நம் அறக்கட்டளையின் கல்வி உதவி பெற்று இலண்டனில் முதுநிலை படிக்கும் மாணவர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய வகுப்புத் தோழர்கள் மாதத்தில் ஒரு நாள் மாலை, கையில் மேப்புடன் தெருத்தெருவாக ஓடும் ஒரு போட்டிக்குப் போகிறார்களாம், அவரையும் அழைக்கிறார்கள். குளிர்காலத்தில் வகுப்பு விட்டால் அறை, அறை விட்டால் வகுப்பு என்றே நாள் கழிவதால் அவருக்கும் ஆசை. ஆனால் தொழுகை நேரம் என்ன ஆகும், தொடங்கும் இடம் ஒரு மதுக்கடையாக இருக்கிறதே, இருட்டில் ஓடினால் யாராவது தவறாக எண்ணுவார்களோ என்று மூன்று தயக்கம்.

இலண்டனிலும் மெல்போர்னிலும் நம் ஜமாஅத் பிள்ளைகள் வேறு சிலரும் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அவர்களின் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறோம். கடந்த குளிர்காலத்தில் அறக்கட்டளைப் பணியாக இலண்டன் சென்றிருந்தபோது நாமும் ஒரு மாலை இதில் கலந்துகொண்டோம். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு ஓட்டம் ஒத்துவராது, நடந்துதான் முடித்தோம். நடப்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு என்பதே நமக்குப் பிடித்த முதல் விஷயம்.

ஓரியன்டியரிங் என்பது மேப்பையும் திசைகாட்டியையும் வைத்து, குறிக்கப்பட்ட இடங்களைத் தேடிச் செல்லும் விளையாட்டு. ஸ்வீடன், நார்வே நாடுகளின் இராணுவப் பயிற்சியில் பிறந்தது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று நார்வேயில், ஆஸ்லோ நகருக்கு அருகில் நடந்தது. பின்னர் ஸ்வீடனின் சாரணர் தலைவர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் 1919இல் ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டிதான் இதைப் பெரிய அளவில் பரப்பியது. சர்வதேசக் கூட்டமைப்பு 1961இல் அமைந்தது. இவையெல்லாம் காட்டில் நடப்பவை. வேலை நாட்களில் காட்டுக்குப் போக முடியாத நகரவாசிகளுக்காக, தெருவிளக்கு வெளிச்சத்தில் நடத்தும் எளிய வடிவமே ஸ்ட்ரீட் ஓரியன்டியரிங். சுருக்கமாக ‘ஸ்ட்ரீட்-ஓ’ என்கிறார்கள்.

நடைமுறை இதுதான். பெயர் பதிந்ததும் ஒரு மேப் தருவார்கள். தெருக்கள் வரையப்பட்டிருக்கும், பெரும்பாலும் தெருப்பெயர்கள் இருக்காது. அதில் இருபது முப்பது சிறு வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இவற்றைக் குறியிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு கேள்வித்தாள். ‘விளக்குக் கம்பத்தின் எண்ணில் கடைசி இலக்கம் என்ன?’, ‘தபால் பெட்டியில் கடைசியாகக் கடிதம் எடுக்கும் நேரம் எது?’ என்பது போன்ற கேள்விகள். அந்த இடத்துக்கு நேரில் போனால்தான் விடை கிடைக்கும். எந்தக் குறியிடத்துக்கு முதலில் போவது, எதை விடுவது எல்லாம் உங்கள் விருப்பம். கொடுக்கும் நேரம் பெரும்பாலும் 60 நிமிடம். ஒவ்வொரு குறியிடத்துக்கும் மதிப்பெண் உண்டு. நேரம் கடந்து வந்தால், கடந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பெண் குறையும்.

கேள்விகளுக்கு விடை தேடும்போது பிரிட்டன் தெருக்களை நாம் முன்பு கவனிக்காத விதத்தில் கவனிக்க வேண்டியதாயிற்று. அங்கே சுவர்களிலும் சிறு கம்பங்களிலும் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்துடன் மஞ்சள் பலகைகள் இருக்கும். தீயணைப்புக் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டுபவை அவை. மேலுள்ள எண் குழாயின் விட்டம், கீழுள்ள எண் பலகையிலிருந்து குழாய்வாய்க்கு உள்ள தூரம். பல நாள் கடந்து போன பலகை. ஒரு கேள்வித்தாள்தான் அதைப் படிக்க வைத்தது.

இப்போது பல கழகங்கள் தாளுக்குப் பதில் ‘மேப்ரன்’ என்ற செயலியைப் பயன்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் உருவான செயலி. குறியிடத்தை நெருங்கியதும் கைபேசி தானாக ஒலி எழுப்பிப் பதிவு செய்துகொள்ளும். தாள் முறையில் உங்களைக் கண்காணிக்க யாரும் இல்லை. வீட்டிலிருந்தே இணையத்தில் தெருப்படத்தைப் பார்த்து விடை எழுதினாலும் ஒருவருக்கும் தெரியாது. அமானத் என்ற சொல்லை மதரஸாவில் படித்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மேப்பைப் பிடிக்கும் முறை முக்கியம். மேப்பில் வடக்கு எங்கோ, தரையில் வடக்கு அங்கே இருக்கும்படி தாளைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்; எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் விரலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நம் ஊரிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு குழப்பம் நேரும். இங்கே சிறுவயது முதல் கிப்லா என்றால் மேற்கு என்று மனத்தில் பதிந்திருக்கிறது. இலண்டனில் கிப்லா தென்கிழக்கு. அங்குள்ள பள்ளியில் தொழுதுவிட்டு வெளியே வந்தவுடன் ‘முன்னால் மேற்கு’ என்று மனம் சொல்லும். அதை நம்ப வேண்டாம். திசைகாட்டியைப் பாருங்கள்.

இனி கணக்கு. இந்த விளையாட்டின் சாரம் கால்களைவிட இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். மேப்பின் அளவு பெரும்பாலும் 1:10,000. அதாவது மேப்பில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 100 மீட்டர். விரைந்து நடப்பவர் மணிக்கு 6 கிலோமீட்டர் நடந்தால் நிமிடத்துக்கு 100 மீட்டர். ஆகவே நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். 60 நிமிடத்துக்கு 60 சென்டிமீட்டர் தெருதான் உங்கள் கையிருப்பு. அதிலும் ஒவ்வொரு குறியிடத்திலும் நின்று, விளக்கடித்துப் பார்த்து, எழுத இருபது விநாடியாவது ஆகும். பதினைந்து இடம் என்றால் 5 நிமிடம். சாலை கடக்கக் காத்திருப்பதற்கும் சில நிமிடம் போகும். எனவே 50 சென்டிமீட்டருக்கு மேல் திட்டமிடக் கூடாது. அந்த நீளத்துக்கு ஒரு நூலைச் சட்டைப்பையில் வைத்திருந்து, தொடங்குமுன் மேப்பின் மேல் வளைத்து வைத்துப் பார்ப்பது நல்ல யோசனை. நாம் அப்படித்தான் செய்தோம். அருகிலிருந்த ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாமும் ஒரு துண்டு நூல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் முடிவுதான் கடினம். ஓர் உதாரணம் பாருங்கள். 45ஆம் நிமிடம். முடிவிடம் உங்களிடமிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்தில். நேரே நடந்தால் 57ஆம் நிமிடத்தில் சேர்ந்துவிடலாம். பக்கத்துத் தெருவில் 30 மதிப்பெண் குறியிடம் ஒன்று இருக்கிறது. போனால் 4 சென்டிமீட்டர் கூடுதல். மொத்தம் 16 நிமிடம், விடை எழுத அரை நிமிடம். ஒன்றரை நிமிடம் தாமதம். அதை இரண்டு நிமிடமாகக் கணக்கிட்டு, நிமிடத்துக்கு 10 வீதம் கழித்தால் 20 போகும். மிச்சம் 10 லாபம். ஆனால் ஒரு திருப்பம் தவறி ஒரு நிமிடம் கூடினால் லாபம் பூச்சியம், இன்னும் கூடினால் நட்டம். தொலைவில் உள்ளவற்றை முதல் பாதியில் முடித்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்துக்கு முடிவிடத்தைச் சுற்றியுள்ள மூன்று நான்கு குறியிடங்களை மிச்சம் வைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. நேரம் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் விட்டுவிட்டு உள்ளே வரலாம்.

இனி அந்த மாணவரின் தயக்கங்கள்.

முதலாவது தொழுகை. இலண்டனில் டிசம்பர் நடுவில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். போட்டி 6.30, 7 மணி வாக்கில் தொடங்குவதால் மஃரிப் எப்போதோ முடிந்திருக்கும். இஷாவின் வக்து நீளமானது. திரும்பி வந்து தொழ நேரம் தாராளமாக உண்டு. ஜமாஅத்துடன் தொழ விரும்புகிறவர் அருகிலுள்ள பள்ளியின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு தம் தொடக்க நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும் என்ற கட்டாயம் பல போட்டிகளில் இல்லை. குறித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். கவனம் வேண்டியது அக்டோபரிலும் மார்ச்சிலும்தான். அக்டோபர் நடுவிலும் மார்ச் நடுவிலும் அங்கே சூரிய அஸ்தமனம் 6 மணியை ஒட்டி வரும். ஒளூவுடன் போய், மஃரிபைத் தொழுதுவிட்டே மேப்பைக் கையில் வாங்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்படும். அதன்பின் அஸ்தமனம் 7.20ஐத் தாண்டிவிடும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே மஃரிப் வந்துவிடும். அந்த வாரப் போட்டியை விடுவது நல்லது. இவ்வாண்டுகளில் ரமளானும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வருகிறது. இஃப்தாருக்கும் தராவீஹுக்கும் இடையில் இதை நுழைக்க வேண்டாம் என்பது நம் கருத்து.

மெல்போர்னில் கதை நேர்மாறு. அங்கே டிசம்பர் கோடை, அஸ்தமனம் 8.40 அளவில். மாலை 7 மணிக்குத் தொடங்கும் போட்டி பகல் வெளிச்சத்திலேயே முடிந்து, மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிடலாம். பூங்காவிலோ கார் நிறுத்துமிடத்திலோதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அங்குள்ள பழைய முறை ஒன்றில் 20 குறியிடங்கள்: முதல் ஐந்துக்குத் தலா 2, அடுத்த ஐந்துக்கு 3, பிறகு 4, பிறகு 5 என்று மொத்தம் 70 மதிப்பெண். நடப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவும் உண்டு.

இரண்டாவது, மதுக்கடை. பிரிட்டனில் பல ஸ்ட்ரீட்-ஓ போட்டிகள் ‘பப்’ ஒன்றில்தான் கூடுகின்றன. குளிரில் கூட, பையை வைக்க, முடிந்தபின் சாப்பிட அவர்களுக்கு அதுவே வசதி. மார்க்கத் தீர்ப்பு சொல்வது செயலரின் வேலையன்று. ஐயம் உள்ளவர் தம் பள்ளி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். நம் கருத்தைக் கேட்டால், உள்ளே போகாமலே இதைச் செய்ய வழி இருக்கிறது. முன்கூட்டியே அமைப்பாளருக்கு எழுதி, ‘மத காரணத்தால் நான் உள்ளே வர இயலாது, வாசலில் மேப்பைப் பெற்றுக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். நாம் கேட்டபோது சிறிதும் முகம் சுளிக்காமல் வாசலுக்கே கொண்டுவந்து தந்தார்கள். விடைத்தாளையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பையை விட்டுச்செல்ல இடம் தேடாமல் இடுப்பில் கட்டும் சிறு பையோடு போனால் போதும். அப்படியும் ஒத்துவராவிட்டால் மேப்ரன் போட்டிகளைத் தேடுங்கள். போட்டி நாள் கழிந்த பிறகும் அந்தப் பாதைகள் பல வாரம் செயலியில் திறந்திருப்பது வழக்கம். நண்பர் ஒருவருடன் உங்களுக்கு வசதியான நாளில் போய் ஓடலாம்.

மூன்றாவது, இருட்டு. இதில் பெற்றோரின் கவலை நியாயமானது. தாடியும் தலையில் தொப்பியுமாக ஓர் இளைஞர் இரவில் வீடுகளின் முன் நின்று, டார்ச் அடித்து விளக்குக் கம்பத்தை உற்றுப் பார்த்தால் ஜன்னல் திரை விலகத்தான் செய்யும். வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கி கட்டாயம் அணியுங்கள். காரோட்டிகளுக்கும் தெரியும், வீட்டாருக்கும் இது ஏதோ போட்டி என்று புரியும். மேப்பை மறைக்காமல் கையில் பிடியுங்கள். யாராவது கேட்டால் நின்று, மேப்பைக் காட்டி, இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். இதற்கு முப்பது விநாடி போனால் போகட்டும். முதல் இரண்டு மூன்று முறை தனியே போகாமல் வகுப்புத் தோழர்களுடன் போவதே நல்லது. தனியார் வளாகத்துக்குள் குறுக்கு வழி தேடாதீர்கள். சாலையைக் கடக்கும்போது மேப்பைப் பார்க்கவே கூடாது.

சகோதரிகள் இருவர் மூவராகச் சேர்ந்து நடைப் பிரிவில் போகலாம். உடை விதி எதுவும் இல்லை. தளர்ந்த முழு உடையும் ஹிஜாபும் யாருக்கும் புதிதல்ல. தலையில் மாட்டும் விளக்கு ஹிஜாபின் மேல் வழுக்கும். இரண்டு ஊசி குத்திக்கொள்ள வேண்டும், அல்லது கைவிளக்கே போதும். சிறுவர்களைத் தனியே விட மாட்டார்கள். பெரியவர் கூடவே நடக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சட்டைப்பையில் சிறிது இனிப்பு வைத்திருங்கள். கட்டணம் சில பவுண்டுகள்தான். பந்தயப் பணம் எதுவும் இதில் இல்லை.

போட்டிகளின் தேதிகளைப் பிரிட்டிஷ் ஓரியன்டியரிங் அமைப்பின் இணையதளத்திலும், மெல்போர்னுக்கு ஓரியன்டியரிங் விக்டோரியா தளத்திலும் பார்க்கலாம். அமைப்பாளருக்கு எழுதும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: தொடக்க நேரத்தில் எவ்வளவு தளர்வு, மேப்பை எங்கே பெறுவது. அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டுவோர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளலாம். நாம் அனுப்பிய கடிதத்தின் நகல் அங்கே இருக்கிறது.

வஸ்ஸலாம்.