லேப்டாப் ஸ்லோவா? இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

"லேப்டாப் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது, நோ காஸ்ட் இஎம்ஐ-ல புதுசு வாங்கிடலாமா?"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க.

முதல்ல அந்த 'நோ காஸ்ட்' கணக்கைப் பார்ப்போம். 60,000 ரூபாய் லேப்டாப், மாசம் 5,000 வீதம் 12 மாசம். பேங்க் ஆண்டுக்கு 15% போட்டா, வட்டி சுமார் 4,600 ரூபாய். அது விலையில தள்ளுபடியா கழிஞ்சிடும். ஆனா அந்த வட்டிக்கான 18% ஜிஎஸ்டி, சுமார் 830 ரூபாய், உங்க தலையிலதான். புராசஸிங் ஃபீஸ் இருந்தா அது தனி. 830 பெரிய தொகை இல்லை. ஒரு வருஷம் சம்பளத்துல மாசாமாசம் 5,000 முடங்கிப் போகுதே, அதுதான் விஷயம்.

பழைய லேப்டாப்ல கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில டிஸ்க் 'ஹெச்டிடி'ன்னு காட்டி, எப்பவும் 100 சதவீதத்துலயே நின்னா, குற்றவாளி பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான். அது நொடிக்கு 100 எம்பி அளவுல படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி-க்கு மேல. டேட்டாவை காப்பி எடுத்துட்டு மாத்திப் பாருங்க, அதே லேப்டாப்தானான்னு சந்தேகம் வரும்! ராம் 4 ஜிபி-ன்னா 8 ஆக்குங்க. சில ஸ்லிம் மாடல்கள்ல ராமை போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, அதுல ஏத்த முடியாது.

இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தின ப்ராசஸரா? அப்போ கொஞ்சம் யோசிங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. அந்த மெஷின்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. ப்ரௌசர் வேலை மட்டும்னா லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டலாம். ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ்தான் வேணும்னா, எஸ்எஸ்டி-க்குச் செலவு பண்ணாம புதுசே வாங்கிடுங்க.