கூட்டிய பட்டையும் குறைத்த பட்டையும்

“தமிழ்ச் சங்க இதழில் மோட்டார் காருக்கு என்ன வேலை?” என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் நான் நாமக்கல்லான். லாரிக்கூண்டு கட்டும் சம்மட்டி ஓசைதான் எங்கள் தெருவில் பொழுதைப் புலர்த்தும். என் சித்தப்பா நாற்பதாண்டு காலமாக லாரிகளுக்குக் கமான் பட்டை மாற்றும் தொழில் செய்பவர். அவரிடம் கற்ற ஒரு பாடத்தை அயல்நாட்டில் ஓர் அழகிய பழைய காரின்மீது பரிசோதித்து நான் பட்ட பாட்டைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பொறியியல் பயிலாத அன்பர்களும் படிக்கலாம். கணக்கு ஒன்றே ஒன்றுதான் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஓராண்டு தங்கிப் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பெரியவர். அவரிடம் 1967-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ‘டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்’ ஒன்று இருந்தது. கூரையை மடித்துவிட்டு இருவர் மட்டுமே செல்லக்கூடிய சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார். எடை ஏறக்குறைய 700 கிலோதான். பத்தொன்பது வயதுப் பேத்திக்கு அதைத் தருவதாக வாக்களித்திருந்தார் அவர். தருவதற்கு முன் அதன் சஸ்பென்ஷனைச் சீர்செய்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். “நீ இயந்திரப் பொறியியல் மாணவன்தானே, உதவு” என்றார். நானும் தோளை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

முதலில் அந்தக் காரின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஸ்பிட்ஃபயர் 1962-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி அதற்கு உருவம் தந்தார். அடிச்சட்டமோ புதியதன்று, 1959-இல் வந்த ‘ஹெரால்டு’ என்னும் குடும்பக் காரின் சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே. ஹெரால்டு என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் மலரும். 1961 முதல் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் ஓடத் தொடங்கியதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வண்டிதான். ஆகவே, ஸ்பிட்ஃபயரை நம்மூர் ஹெரால்டின் ஒன்றுவிட்ட தங்கை எனலாம்.

தங்கைக்கும் அக்காளுக்கும் பொதுவான ஒரு குணம் பின் சக்கர அமைப்பில் இருந்தது. லாரியில் இரு பின் சக்கரங்களையும் இணைப்பது ஒரே முழு ஆக்ஸில். இவ்வகைக் கார்களில் அப்படியன்று. டிபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் பாதிப் பாதி ஆக்ஸில்கள் ஒவ்வொரு மூட்டில் தொங்கும். பெட்டியின் தலைமேல் கமான் பட்டைகள் குறுக்குவாட்டில் அமர்ந்து, இரு முனைகளிலும் இரு சக்கரங்களைத் தாங்கும். செலவு குறைவு, கரடான பாதையில் ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மற்றதற்குச் செல்லாது. இதனை ‘ஸ்விங் ஆக்ஸில்’ என்பர்.

இதன் குறையை அறிய ஓர் எளிய வழி உண்டு. எழுந்து நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். விரல்கள் வானை நோக்குமாறு மணிக்கட்டை மடக்குங்கள். தோள் மூட்டுதான் டிபரன்ஷியல் மூட்டு, கை பாதி ஆக்ஸில், உள்ளங்கை சக்கரம். இப்போது கைகளைச் சற்றே கீழே இறக்குங்கள். விரல்கள் வெளிப்புறம் சாய்கின்றன அல்லவா? அதுபோல, காரின் பின்புறம் உயர்ந்து சக்கரங்கள் தொங்கினால், அவற்றின் தலை வெளியே சாயும். அடிப்பகுதி காரின் அடியில் மடங்கும். டயர் தன் முழு அகலத்தால் தரையைப் பற்றாமல் ஓர் ஓரத்தால் மட்டும் தொட்டு நிற்கும். ஸ்பிட்ஃபயரின் பாதி ஆக்ஸில் மூட்டிலிருந்து சக்கரம் வரை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சக்கரம் 5 சென்டிமீட்டர் தொங்கினாலே சாய்வு சுமார் 6 பாகை மாறிவிடும். சொன்ன கணக்கு இவ்வளவே.

வளைவில் திரும்பும்போது இக்குறை பெரிதாகும். வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் சாய்வான ஆக்ஸில் வழியே, தரைக்கு மேலே இருக்கும் மூட்டைச் சென்றடைந்து, காரின் பின்புறத்தை மேலே தூக்குகிறது. தூக்கினால் சக்கரம் மேலும் மடங்கும். மடங்கினால் பிடிப்புக் குறையும். இந்த வேளையில் ஓட்டுபவர் அஞ்சி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். எடை முன்னே சாய்ந்து பின்புறம் இன்னும் உயரும். சக்கரம் சட்டென மடங்கி, வால் வழுக்கிச் சுழலும். வேகத்தைக் குறைக்க முயல்வதே விபத்துக்கு வழியாகிறது. புதிதாக ஓட்டப் பழகுபவர் இயல்பாகச் செய்வதும் அதுதானே?

இதையெல்லாம் நான் அப்போது சிந்திக்கவில்லை. காரைச் சுற்றி வந்து பார்த்தேன். பின் பட்டைகள் தளர்ந்து, வண்டி பின்னால் தாழ்ந்திருந்தது. சித்தப்பாவின் பட்டறை நினைவுக்கு வந்தது. பாரம் தாங்காத லாரிக்கு அங்கே என்ன செய்வார்கள்? பட்டையைச் சூடேற்றி வளைவு கொடுப்பார்கள். வேண்டுமானால் ஒரு பட்டை கூட்டுவார்கள். அதையே சொன்னேன். பெரியவரும் நம்பினார். வளைவு ஏற்றி, ஒரு பட்டை கூட்டிப் பூட்டினோம். வண்டி பின்னால் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. எனக்கும் பெருமிதந்தான்.

அப்பெருமிதம் ஒரு வாரம் நீடித்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் கிராமப்புறச் சாலையில் சென்றோம். பெரியவர் ஓட்டினார், நான் அருகில் இருந்தேன். இடப்பக்க வளைவு ஒன்றில் எதிரே சைக்கிளில் ஒருவர் வரக் கண்டு, பெரியவர் காலை எடுத்தார். அவ்வளவுதான். பின்புறம் தூக்கியதை என் முதுகே உணர்ந்தது. மறுகணம் வேலியும் வானமும் ஒருசேரச் சுழன்றன. வந்த திசையை நோக்கியபடி ஓரத்துப் புல்தரையில் கார் நின்றது. சைக்கிள்காரர் உட்பட யாருக்கும் காயமில்லை. பெரியவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நெடுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு, “இதை அவளிடம் எப்படிக் கொடுப்பேன்?” என்று மட்டும் கேட்டார். வைதிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

அன்றிரவே ஏட்டைப் புரட்டினேன். ஸ்பிட்ஃபயரின் நான்காம் மாதிரி 1970-இன் இறுதியில் வெளிவந்தது. அதன் பின் அமைப்பில் செய்த மாற்றத்தைப் படித்தபோது என் முகம் சுருங்கிற்று. நான் ஒரு பட்டையைக் கூட்டியிருந்தேன். காரைச் செய்தவர்களோ ஒரு பட்டையைக் குறைத்திருந்தார்கள்! நான் இறுக்கியிருந்தேன், அவர்கள் நெகிழ விட்டிருந்தார்கள். பழைய அமைப்பில் எல்லாப் பட்டைகளும் டிபரன்ஷியலோடு இறுகப் பூட்டப்பட்டிருந்தன. புதியதில் அடிப்பட்டை ஒன்று மட்டுமே பூட்டப்பட்டது. மற்றவை ஒரு கூட்டுக்குள், தராசுத் தண்டைப்போல நடுவில் ஆடும்படி விடப்பட்டன. இதற்கு ‘ஸ்விங் ஸ்பிரிங்’ என்று பெயர்.

நெகிழ்வு எவ்வாறு பாதுகாப்பாகும்? இரு சக்கரங்களும் ஒருசேர மேடேறினால் பட்டைகளின் இரு முனைகளும் ஒன்றாக வளைந்து எடையைத் தாங்கும். அதில் பெரும் மாற்றமில்லை. வளைவிலோ கார் ஒரு பக்கம் சாய்கிறது. ஒரு முனை ஏற மறுமுனை இறங்குகிறது. தராசுபோல் ஆடும் பட்டைகள் அதை அதிகம் தடுப்பதில்லை. ஆகவே, பின்பக்கத்து எடை வெளிச்சக்கரத்தின்மேல் முழுதும் குவியாமல், உட்சக்கரத்துக்கும் ஒரு பங்கு கிடைக்கும். வெளிச்சக்கரம் காரைத் தூக்க முயல்கிறது என்றேன். உட்சக்கரம் பற்றும் பிடிப்போ காரைக் கீழே இழுக்கும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக உழைத்தால், தூக்குவதும் இழுப்பதும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். நான் பட்டை கூட்டியபோது நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. எடை முழுவதையும் வெளிச்சக்கரத்தின் தலையில் ஏற்றினேன். வண்டியை உயர்த்தி வைத்ததால் சக்கரங்களும் முன்பே தொங்கி நின்றன.

பின்பக்கம் நெகிழ்ந்தால் கார் அதிகம் சாயுமே என்று கேட்கலாம். சாயும். அதைத் தடுக்க முன்பக்கத்து ஆன்டி-ரோல் கம்பியைப் பருமனாக்கினார்கள். இதனால் எல்லை மீறும்போது முதலில் வழுக்குவது முன் சக்கரங்களே. மூக்கு சற்று வெளியே விலகும். வேகத்தைக் குறைத்தால் மீண்டும் வழிக்கு வரும். வால் சுழல்வதைவிட இது எளிதில் சமாளிக்கக் கூடியது. எனவே, பட்டையையும் முன் கம்பியையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது அரைவைத்தியம். 1973-இல் பின் சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தையும் 2 அங்குலம் கூட்டினார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சாலைக்குத் திருத்த விரும்பும் எவருக்கும் அந்த வரிசை உதவும் என்பதால் சொல்கிறேன்.

முதலாவது, தேய்ந்ததை மாற்றுதல். புதுப் பொருள் வாங்குமுன் பழைய பொருளின் உடல்நிலையை அறிய வேண்டும். ரப்பர் புஷ்கள் எல்லாம் வெடித்திருந்தன, மாற்றினோம். ஆக்ஸில் மூட்டுகளில் ஆட்டம் இருந்தது; மாற்றினோம். ஸ்பிட்ஃபயரின் முன் சக்கரங்கள் வெண்கல மூட்டு ஒன்றில் திருகுமரை வழியே திரும்புகின்றன. அதற்குக் கியர் எண்ணெய் இட வேண்டும் என்பது விதி. பழக்கத்தால் கிரீஸை அடைத்துவிட்டால் அது மரையின் அடிவரை சென்று சேராது. நீர் புகுந்து துருவேறி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரமே மடங்கிவிடக்கூடும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பிரிங்கும் இந்த ஒரு கரண்டி எண்ணெய்க்கு ஈடாகாது.

இரண்டாவது, டயர். பல்லெல்லாம் இருந்தும் வயதாகிக் கல்லைப்போல் இறுகிய டயர்களைத் தள்ளிவிட்டுப் புதிய ரேடியல் டயர்கள் இட்டோம். முன்னதைவிடப் பின்னதில் காற்று சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று கையேடு கூறும். அதைப் பிறழாமல் பின்பற்றினோம்.

மூன்றாவது, ஸ்விங் ஸ்பிரிங்கும் பருத்த முன் கம்பியும். சிறு மாற்றங்களோடு பழைய டிபரன்ஷியலிலும் அது பொருந்தியது.

நான்காவது, ஷாக் அப்ஸார்பர். இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ளவற்றை வாங்கி, மிகவும் இறுக்காமல் வைத்தோம். பந்தயத் தளம் கண்ணாடிபோன்றது. அங்கே இறுக்கம் நன்மை தரலாம். சாலையிலோ குழியும் மேடும் உண்டு. அளவு மீறி இறுக்கினால் சக்கரம் மேட்டில் எகிறி அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் டயருக்குப் பிடிப்பு ஏது? கடைசியாகச் சக்கரங்களின் நேர்த்தியைச் சரிபார்த்தோம். ஒவ்வொன்றையும் முடித்தபின் ஓட்டிப் பார்த்தே அடுத்ததைத் தொட்டோம். எந்த மருந்து எந்த நோயைத் தீர்த்தது என்பது அப்போதுதான் தெரியும்.

பின் சக்கரங்களின் தலை இப்போது சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. முதலில், ஆளில்லாத ஒரு வெற்றுத் தளத்தில் தண்ணீர் தெளித்து ஓட்டினோம். வளைத்துக்கொண்டே காலை எடுத்தார் பெரியவர். மூக்கு சிறிது விலகியது. வால் தன் இடத்திலேயே இருந்தது. பத்துமுறை செய்தார். பிறகு அதே கிராமச் சாலையில் அதே வளைவைக் கடந்தோம். இம்முறையும் அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் முகத்தில் புன்னகை இருந்தது. ஸ்விங் ஆக்ஸிலின் குணம் அடியோடு மாறிவிடவில்லை, தணிந்தது, அவ்வளவே. ஆகவே பேத்தியிடம் சாவியைக் கொடுக்கும்போது, “வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் காலைச் சட்டென எடுக்காதே” என்று மும்முறை சொல்லியே கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் சித்தப்பாவிடம் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஏன் கண்ணு, பத்து டன் பாரம் ஏத்துற லாரிக்குச் சொன்ன வைத்தியத்தை ரெண்டு பேரு போற வண்டிக்குச் செஞ்சியா? பட்டை கூட்டுறதுக்கு முன்னால எதுக்குக் கூட்டுறோம்னு கேக்க வேண்டாமா?” என்றார். பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின் சக்கரங்கள் மெக்கானிக்குகளுக்குத் தலைவலியாக இருந்ததை அவர் தம் குருவிடம் கேட்டிருக்கிறார். 1972-இல் அதன் வழியில் வந்த ‘கஸெல்’ காரில் ஸ்விங் ஆக்ஸிலையே கைவிட்டு, லாரியைப்போல முழு ஆக்ஸில் வைத்துவிட்டார்கள். ஒரே நோய்க்குக் கோவென்ட்ரியில் ஒரு மருந்து, சென்னையில் வேறொரு மருந்து! அந்தந்தச் சாலைக்கும் பட்டறைக்கும் ஏற்றதை அவரவர் தேர்ந்தனர்.

இந்த வளாகத்திலும் பழைய மோட்டார் சைக்கிளையோ காரையோ வைத்துக்கொண்டு, “ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தலாமா? இறுக்கிவிடலாமா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு என் மறுமொழி சித்தப்பாவின் கேள்விதான்: எதற்கு? அதற்கு விடை தெரியும்வரை ஸ்பானரை எடுக்க வேண்டாம். ஒரு பட்டையைக் கூட்டியதால் அன்று என் கண்முன் சுழன்ற வேலியும் வானமும் உங்கள் கண்முன் சுழல வேண்டாம்.