கட்டிய துகள், மிதக்கும் துகள், பறக்கும் துகள்

வெள்ளி என்ன நிறம்? இதைக் கேட்டால் யாரும் யோசிக்கவே மாட்டீர்கள். ஆனால் அதே வெள்ளியை, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அந்தத் தண்ணீர் மஞ்சளாகத் தெரியும். தங்கத்தை அப்படிச் செய்தால் செக்கச் சிவந்த நீர் கிடைக்கும். சாயம் எதுவும் கலக்கவில்லை. வெள்ளி வெள்ளியாகவே இருக்கிறது, தங்கம் தங்கமாகவே இருக்கிறது. அளவு மட்டும்தான் மாறியிருக்கிறது.

அளவு மாறினால் குணம் மாறும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நானோ தொழில்நுட்பத்தின் நன்மையும் புரியும், அதில் நாம் ஏன் கவனமாக இருக்க வேண்டும் என்பதும் புரியும்.

எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு 1 நானோமீட்டர். உங்கள் விரல் நகம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ இந்த அளவுதான் வளர்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். கொரோனா வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். பொதுவாக, 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவற்றைத்தான் நானோ துகள்கள் என்கிறார்கள்.

1857-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற பெரிய விஞ்ஞானி தங்கத் துகள் மிதக்கும் சிவப்பு நீரைத் தயாரித்தார். தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகளாகப் பரவியிருப்பதால்தான் இந்த நிறம் வருகிறது என்று அன்றே சொன்னார். உலோகத்துக்குள் ஓடியாடும் எலக்ட்ரான்கள் இவ்வளவு சின்ன இடத்தில் அடைபடும்போது, ஒளி பட்டதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அசைகின்றன. அப்போது ஒளியில் ஒரு நிறத்தை மட்டும் விழுங்கிவிடுகின்றன. வெள்ளித் துகள் நீலத்தை விழுங்குவதால் மிச்சம் மஞ்சளாகத் தெரிகிறது. தங்கத் துகள் பச்சையை விழுங்குவதால் மிச்சம் சிவப்பாகத் தெரிகிறது.

குவாண்டம் புள்ளிகள் என்ற வேறு வகை நானோ படிகங்களும் இருக்கின்றன. ஒரே பொருளில் செய்தாலும், பெரிய புள்ளி சிவப்பாகவும் சிறிய புள்ளி நீலமாகவும் ஒளிரும். இன்று சில தொலைக்காட்சித் திரைகளுக்குத் தூய நிறம் தருபவை இவைதாம். இவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக அலெக்சி எகிமோவ், லூயி ப்ரூஸ், மௌங்கி பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றரை ஏக்கர் வெள்ளி

நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு கற்கண்டைப் போடுங்கள். இன்னொன்றில் அதே எடையுள்ள கற்கண்டைப் பொடித்துப் போடுங்கள். பொடி சட்டென்று கரைந்துவிடும், கட்டி நேரம் எடுக்கும். பொடியில் தண்ணீர் தொடுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. அதுதான் காரணம்.

இப்போது ஒரு கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு வெள்ளிக் கட்டி. எடை பத்தரை கிராம் இருக்கும். அதற்கு ஆறு பக்கம், ஆகவே மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 1 மில்லிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் 1000 கட்டிகள் வரும், மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். இதையே 1 நானோமீட்டர் கட்டிகள் வரும்வரை வெட்ட முடிந்தால்? மொத்த மேற்பரப்பு 6000 சதுர மீட்டர்! ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம். நம்ப முடியவில்லை என்றால் நோட்டை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள்தாம் வெளியே இருப்பவற்றோடு வினைபுரியும். பெரிய கட்டியில் பெரும்பாலான அணுக்கள் உள்ளே மறைந்து கிடக்கும். நானோ துகளில் நிறைய அணுக்கள் வெளியே வந்துவிடுகின்றன. அதனால் கட்டியாகச் சும்மா கிடந்த பொருள், நானோ துகளானதும் சுறுசுறுப்பாக வேலை செய்யத் தொடங்குகிறது.

கட்டிப்போட்ட வெள்ளி

வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு. வெள்ளியிலிருந்து பிரியும் அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. நானோ வெள்ளியில் மேற்பரப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் வெள்ளியே நிறைய அயனிகளைத் தரும். தீக்காயங்களுக்குப் போடும் சில கட்டுத்துணிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவரது குழுவினரும் இந்த ஆற்றலைக் குடிநீருக்குக் கொண்டுவந்தார்கள். 2013-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகான யோசனை இருந்தது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கைட்டோசான் என்ற பொருள் கிடைக்கிறது. அதையும் ஓர் அலுமினியச் சேர்மத்தையும் சேர்த்து மணல் போன்ற குருணைகள் செய்தார்கள். வெள்ளி நானோ துகள்களை அந்தக் குருணைக்குள்ளேயே சிறைவைத்தார்கள். தண்ணீர் அதன் வழியே போகும்போது துகள் வெளியே வராது. கிருமியைக் கொல்லப் போதுமான அயனிகள் மட்டும் சிறிது சிறிதாகக் கசியும். குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கசியும் அளவு அதற்கும் கீழேதான். இதே முறையில் இரும்பு சார்ந்த நானோ பொருளைக் கொண்டு, மேற்கு வங்கம் போன்ற இடங்களில் நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சையும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது கிருமியைக் கொன்றது அல்ல, துகளைக் கட்டிப்போட்டதுதான். பாதுகாப்பைக் கடைசியில் சேர்க்காமல், வடிகட்டியை வடிவமைக்கும்போதே அதையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

மிதந்து போன வெள்ளி

கட்டிப்போடாவிட்டால் என்ன ஆகும்? நாற்றம் வராமல் இருக்க நானோ வெள்ளி சேர்த்த சாக்ஸ்கள் கடைகளுக்கு வந்தன. 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ட்ராய் பென், பால் வெஸ்டர்ஹாஃப் என்ற இருவர் அத்தகைய சாக்ஸ்களை வாங்கித் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். அலசிய தண்ணீரில் வெள்ளி இருந்தது. சில சாக்ஸ்களில் சில அலசல்களிலேயே வெள்ளி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது.

அந்தத் தண்ணீர் சாக்கடை வழியே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்வது யார் தெரியுமா? பாக்டீரியாக்கள்தாம்! வெள்ளிக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற வேறுபாடு தெரியாது.

பிறகு நடந்த ஆய்வுகளில் ஓரளவு நல்ல செய்தி கிடைத்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும்பாலான நானோ வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத வெள்ளி சல்பைடாக மாறிவிடுகிறது. பழைய வெள்ளிப் பாத்திரத்தில் படியும் கறுப்பும் அதே பொருள்தான். அது அடியில் தங்கும் சேற்றில் சேர்ந்துவிடும். சில நாடுகளில் அந்தச் சேற்றை வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். அப்படியானால் வெள்ளி மண்ணுக்கு வருகிறது, அங்கே என்ன செய்யும் என்று அடுத்த கேள்வி பிறக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளித் துகள் மிதக்கும் நீரைச் சகல நோய்க்கும் மருந்து என்று சிலர் விற்கிறார்கள். அதைத் தொடர்ந்து குடித்த சிலருக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறியிருக்கிறது. மாறிய நிறம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வடிகட்டியில் உதவும் அதே வெள்ளி, தேவையில்லாமல் உடம்புக்குள் போனால் கேடு செய்கிறது.

பறக்கும் துகள்

துகள் காற்றில் பறக்கும்போதுதான் மிக அதிகக் கவனம் வேண்டும். மூக்கில் இருக்கும் முடியும் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். நானோ துகள்களில் பல, நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்விடும். விறகடுப்புப் புகையிலும் வண்டிப் புகையிலும்கூட இந்த அளவுத் துகள்கள் இருக்கின்றன. புகை உடம்புக்கு ஆகாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார்பன் நானோகுழாய் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா 1991-இல் எழுதிய கட்டுரையால் உலகப் புகழ் பெற்றது. உறுதி அதிகம், எடை மிகக் குறைவு, மின்சாரமும் கடத்தும். ஆனால் நீண்ட, மெல்லிய இழை போன்ற வடிவம் கொண்டது. இந்த வடிவத்தைப் பார்த்ததும் ஆய்வாளர்களுக்கு, நுரையீரலைப் பாதிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் நினைவுக்கு வந்தது. நுரையீரலுக்குள் வரும் தூசியை விழுங்கிச் சுத்தம் செய்யும் செல்கள் நம் உடம்பில் உண்டு. இழை நீளமாக இருந்தால் அவற்றால் முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கித் திணறும் செல்லால் அந்த இடம் புண்ணாகும்.

2008-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்தபோது, நீளமான நானோகுழாய்கள் கல்நாரைப் போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையான, சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. பொருள் ஒன்றுதான், வடிவம் வேறு. அந்த வேறுபாடே விளைவை மாற்றிவிட்டது. 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஒரு குறிப்பிட்ட வகை நானோகுழாயை மட்டும், மனிதருக்குப் புற்றுநோய் தர வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. எல்லா வகையையும் ஒரே கூடையில் போடவில்லை.

அதே நானோகுழாயைக் கெட்டியான பிளாஸ்டிக்கில் கலந்து சைக்கிள் பாகம் செய்தால், அதைத் தொடுபவருக்குப் பயம் குறைவு. அதை அறுத்துத் தேய்க்கும் தொழிலாளிக்குத்தான் முகக்கவசமும் காற்றுறிஞ்சியும் வேண்டும்.

வெயில் படாமல் காக்கப் பூசும் கிரீம்களைப் பாருங்கள். சிலவற்றில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைக் கிரீமில் அனுமதிக்கிறது. மூச்சில் போகக்கூடிய ஸ்பிரேயில் அனுமதிப்பதில்லை. துகள் அதேதான், அது போகும் வழிதான் வேறு!

பெயரைக் கண்டு முடிவு செய்யாதீர்கள்

2006-இல் ஜெர்மனியில் ‘மேஜிக் நானோ’ என்ற குளியலறை ஸ்பிரே விற்பனைக்கு வந்தது. அதை அடித்த பலருக்கு மூச்சுத்திணறல் வந்தது, சிலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நானோ தொழில்நுட்பம் ஆபத்து என்ற பேச்சு எங்கும் பரவியது. அரசு ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். அந்த ஸ்பிரேயில் நானோ துகளே இல்லை! பெயரில் மட்டும்தான் நானோ இருந்தது. துன்பம் தந்தது அந்த ஸ்பிரேயின் மெல்லிய சாரல்தான்.

‘நானோ’ என்று எழுதியிருப்பதால் ஒரு பொருள் உயர்ந்ததும் ஆகாது, ஆபத்தானதும் ஆகாது. கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று கேள்விகள் போதும்:

1. துகள் எப்படி இருக்கிறது? கட்டுண்டு இருக்கிறதா, நீரில் மிதக்கிறதா, காற்றில் பறக்கிறதா?

2. உடம்புக்குள் போக வழி உண்டா? மூச்சு வழியாகவா, வாய் வழியாகவா, தோல் வழியாகவா?

3. பயன்படுத்தி முடித்த பிறகு அது எங்கே போகும்? தண்ணீருக்கா, மண்ணுக்கா, குப்பையை எரிக்கும் புகைக்கா?

நாடுகளும் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிட்டன. ஐரோப்பாவில் 2013 முதல், அழகுப் பொருட்களில் நானோ துகள் இருந்தால் அதை உறையில் குறிப்பிட வேண்டும். உணவுக்கு வெண்மை தரச் சேர்க்கும் டைட்டானியம் டைஆக்சைடை 2022-இல் அங்கே தடை செய்தார்கள். வேறு சில நாடுகள் இன்னும் அனுமதிக்கின்றன. வயலுக்கும் உணவுக்குமான நானோ பொருட்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 2020-இல் இந்திய அரசும் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

எவ்வளவு சீக்கிரம் கேட்கிறோம்?

கல்நார் வேலை செய்த ஒரு தொழிலாளி நுரையீரல் பாதிப்பால் இறந்ததை, 1906-இல் ஒரு மருத்துவர் பிரிட்டிஷ் அரசின் குழுவிடம் எடுத்துச் சொன்னார். அந்த நாட்டில் கல்நாருக்கு முழுத் தடை வந்தது 1999-இல். இடையில் 93 ஆண்டுகள்! அதற்குள் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் துயரப்பட்டுவிட்டன. கார்பன் நானோகுழாய் விஷயத்தில், அது புகழ்பெற்ற 17 ஆண்டுகளுக்குள் அதே கேள்வியை ஆய்வகத்தில் கேட்டுவிட்டார்கள். எந்த நீளம் ஆபத்து, எந்த நீளம் பரவாயில்லை என்றும் தெரிந்துகொண்டார்கள். இப்போது ஆபத்து குறைந்த வகையைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வழி இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு பொருளைச் சோதித்து அதன் தீங்கைக் கண்டுபிடிப்பவரும் கண்டுபிடிப்பாளர்தான். சாக்ஸை அலசிப் பார்த்த இருவருக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு நல்ல கேள்வி. உங்கள் வீட்டில் ‘நானோ’ என்று எழுதிய பொருள் ஏதாவது இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். அந்த மூன்று கேள்விகளையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விடை உறையில் இல்லாவிட்டால் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள், தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.