சொல்லுக்கு இயங்கும் வண்டி

சொற்கேட்டு இயங்கும் சிறு பொறிவண்டிக்கு மொழியறிவு வேண்டுவதில்லை. சில கட்டளைகளை வேறுபடுத்தி அறிந்தாலே போதும். ஒலிவாங்கி பெறும் அலையைக் கணனி நுண்துண்டுகளாகப் பகுத்து, முன்னர்ப் பயின்ற பதிவுகளோடு பொருத்திப் பார்த்து, மோட்டாருக்கு ஆணையிடுகின்றது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 ஆங்கிலச் சொற்களையே அறிந்திருந்தது. 2019இல் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர், ஆங்கிலப் பேச்சிற் பயின்ற அமைப்பொன்றின் துணையுடன், சிறுதொகைப் பதிவுகளாலேயே தமிழ், சிங்களக் கட்டளைகளைப் பிரித்தறிய வழிகண்டனர்.

எவருடைய தமிழ் என்பதே வினா. பள்ளிவாசல்துறைக் கரையில் மீன்பெட்டி இழுக்க இத்தகைய வண்டியொன்று அமையின், அதனிடம் எவரும் 'வலப்புறம் திரும்புக' எனக் கூறார். அவ்வூர் ஆடவர், பெண்டிர், சிறுவர் ஆகியோரின் பேச்சே, கடலிரைச்சலோடு சேர்த்துப் பதியப்படல் வேண்டும். 'இடப்பக்கம்', 'வலப்பக்கம்' என்பன ஈற்றில் ஒன்றுபடுவதால் இயந்திரத்தை மயக்கக்கூடும். ஐயமுறின் வண்டி நின்றுவிடுமாறு அமைத்தல் நன்று.