ஓட்டம் பிடித்த காண்ட்ராக்டரும் ஓதம் பிடித்த சுவரும்

“நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்.” சித்தப்பா போன் செய்தபோதெல்லாம் காண்ட்ராக்டரிடமிருந்து வந்த பதில் இதுதான். பிறகு அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

32 லட்சத்துக்குப் பேசிய வீடு. 25 லட்சம் கைமாறிவிட்டது. பூச்சு வேலை பாதியில் நிற்கிறது. தரை போடவில்லை, குளியலறைக்குக் குழாய் இழுக்கவில்லை. மொட்டைமாடியில் வாட்டம் தலைகீழாக இருப்பதால், மழைநீர் வடிகுழாய்ப் பக்கம் போகாமல் படிக்கட்டு ஓரத்தில் தேங்குகிறது. முதல் மழைக்கே படுக்கையறைச் சுவரில் ஓதம் இறங்கிவிட்டது.

சித்தப்பாவுக்கு வந்த முதல் கோபம் எல்லோருக்கும் வருவதுதான். “அவன் லைசென்ஸைக் கேன்சல் பண்ண வைக்கிறேன் பாருடா.” விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்தேன். ‘அரசு அங்கீகாரம் பெற்ற கட்டட ஒப்பந்ததாரர்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. எந்த அரசு அலுவலகம், எதற்காகக் கொடுத்த அங்கீகாரம் என்று ஒரு வரியும் இல்லை.

பலர் அறியாத விஷயம் இது. நம் சொந்த மனையில் வீடு கட்டித் தருகிறவர் லைசென்ஸ் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. கார்டில் போட்டுக்கொள்ளும் ‘அங்கீகாரம்’ பெரும்பாலும் வேறு காரியத்துக்கானது. பொதுப்பணித் துறையில் ‘கிளாஸ் ஒன்’ பதிவு என்பது அரசு டெண்டர் எடுக்கும் தகுதி. உங்கள் வீட்டுச் சுவர் விரிசலுக்காக அந்தத் துறையின் கதவைத் தட்டினால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

‘லைசென்ஸ் இன்ஜினீயர்’ விவகாரம் வேறு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பதிவு பெற்றவர் அவர். வரைபடத்தில் முத்திரை போடுபவர். அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட வேலை வரைபடத்துக்கு மாறாக இருந்தால், பதிவு கொடுத்த அமைப்புக்கு எழுத்தில் புகார் தரலாம். அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் பல வீடுகளில் முத்திரை போட்டவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர். முத்திரைக்காரர் மனைப் பக்கமே வந்திருக்க மாட்டார். கட்டுகிறவருக்கு லைசென்ஸ் கட்டாயமில்லை என்பதற்கு மின் வயரிங் விதிவிலக்கு. அதற்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் கட்டாயம். வேலை ஆபத்தாக இருந்தால் தமிழ்நாடு மின் உரிம வாரியத்துக்கு எழுதலாம்.

உரிமத்தின் மீது புகார் கொடுப்பது நல்ல காரியம்தான், அடுத்து வீடு கட்டுகிறவர் தப்பிப்பார். ஆனால் உரிமம் ரத்தானாலும் உங்கள் பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. பணத்துக்கான வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காண்ட்ராக்டரிடம் லைசென்ஸ் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே முக்கியமில்லை.

வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல், லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் ‘சேவை’ என்பதற்குள் வீட்டுக் கட்டுமானத்தைச் சேர்த்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த பணத்தை வைத்தே இந்தக் கணக்கு. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், காண்ட்ராக்டரின் ஊரைத் தேடிப் போக வேண்டாம்.

கெடு இரண்டு ஆண்டுகள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. ‘தீபாவளி கழிச்சு’, ‘பொங்கல் முடிஞ்சு’ என்று காண்ட்ராக்டர் சொல்லச் சொல்ல நாம் காத்திருப்போம். கெடு நமக்காகக் காத்திருக்காது.

நம்மவர்கள் வழக்கில் தோற்கும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபத்தில் அடுத்த வாரமே வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டு விரிசலை அடைத்து, ஓதத்தின் மேல் பூசி, வெள்ளையடித்துவிடுவார்கள். அத்தனையும் சாட்சி. பூச்சுக்கு அடியில் சாட்சியைப் புதைத்துவிட்டு, “சுவர் மோசமாக இருந்தது” என்று வாயால் சொன்னால் எப்படி எடுபடும்? கைவைப்பதற்கு முன் காண்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். டேப் பிடித்து அளவு தெரியும்படி, தேதியோடு புகைப்படம் எடுங்கள். கான்கிரீட் மீதே சந்தேகம் என்றால் அரசுப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறை வழியாகச் சோதிக்க முயலுங்கள். வழக்குத் தொடுத்ததும், வழக்கறிஞர் ஆணையர் ஒருவரைப் பொறியாளரோடு அனுப்பி நேரில் பார்க்கச் சொல்லும்படி மனு போடலாம். அவர் பார்த்து அறிக்கை கொடுத்தபின் மீதி வேலையைத் தாராளமாகத் தொடருங்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு தீர்ப்பு வரும்வரை காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

எவ்வளவு கேட்பது? சித்தப்பா “25 லட்சத்தையும் திருப்பித் தரணும்” என்றார். அது நிற்காது, நிற்கிற சுவருக்கும் தளத்துக்கும் விலை உண்டு. கணக்கு இப்படிப் போக வேண்டும்: குறைகளைச் சரிசெய்து வீட்டை முடிக்க 13 லட்சம் ஆகும் என்று பொறியாளர் மதிப்பிடுகிறார். காண்ட்ராக்டருக்கு நாம் இன்னும் கொடுக்காதது 7 லட்சம். ஆக, நட்டம் 6 லட்சம். இதோடு பேசிய தேதிக்குப் பிறகு கட்டிய வாடகை, மன உளைச்சல், வழக்குச் செலவு. இப்படிப் பிரித்துக் காட்டும் மனுவுக்கு ஆணையத்தில் கனம் அதிகம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததே. “சார் நடுவுல பூஜை ரூம் கேட்டாரு, எக்ஸ்ட்ரா வேலைக்குக் காசு தரல.” கூடுதல் வேலையை வாயால் பேசி, பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். வங்கி வழியாகப் போன பணமும் வாட்ஸ்அப்பில் போன செய்தியும் காப்பாற்றும். அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும், கூடுதலாக 15 நாள் கிடைக்கும். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்துவிட்டது. மொத்த வழக்கையும் 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்தபின் காண்ட்ராக்டர் மேல்முறையீடு போனால், செலுத்தச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். உரிமம் போவதைவிட இந்தப் பயம் வேலை செய்யும்.

போலீஸ் ஸ்டேஷன்? வேலையைப் பாதியில் விட்டது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். ஒரே மாதத்தில் பத்துப் பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு எங்கும் கடைக்கால்கூடத் தோண்டாதவர் விஷயத்தில் போகலாம். மற்றபடி அது கட்டப் பஞ்சாயத்தில் போய் முடியும். பில்டரிடம் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை, சொன்ன 30 நாளில் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் காண்ட்ராக்டர் வைத்துக் கட்டியவருக்கு அந்தக் கதவு இல்லை.

இனிமேல் கட்டப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் பெயரோடு ஆளின் பெயர், வீட்டு முகவரி, பான் எண் மூன்றும் இருக்கட்டும். முகவரி இல்லாதவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால் நடக்கட்டும், முன்னால் ஓடக் கூடாது. தளத்துக்கு இத்தனை, பூச்சுக்கு இத்தனை என்று பிரித்து, கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற காண்ட்ராக்டரை அப்போதே விட்டுவிடலாம். சித்தப்பா 32இல் 25ஐக் கொடுத்தது தளம் போட்ட அன்று. “நல்ல மனுஷன்டா, கேட்டான், கொடுத்துட்டேன்.”

உங்கள் வீட்டிலும் வேலை நின்றுபோயிருந்தால், ஆள் கடைசியாக வந்த தேதியை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். வீடு பெண் பெயரில் இருந்து அவரே மனுதாரர் என்றால், வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.