பணிவிடை செய்பவருக்கு யார் பணிவிடை? - நிர்யாபகர் மரபு சொல்லும் பாடம்

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு சிறு குன்று உண்டு. பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பார்கள். அங்கே ஒரு பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் இது என்று அது சொல்கிறது. தமிழில் 'ஐ' என்னும் எழுத்து மிகப் பழைய வடிவில் கிடைத்த கல்வெட்டு என்று அறிஞர்கள் இதைப் போற்றுவார்கள். எங்கள் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். சிறு வயதில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த 57 நாளும் முனிவருக்குப் பக்கத்தில் இருந்தது யார்? புரட்டிப் படுக்க வைத்தது யார்? ராத்திரி கண் விழித்தது யார்? கல்லில் அவர் பெயர் இருக்கிறது, உடனிருந்தவர் பெயர் இல்லை.

இந்தக் கேள்விக்கு ஏட்டில் விடை இருக்கிறது. சிவாரியர் என்பவர் பிராகிருதத்தில் இயற்றிய பகவதி ஆராதனை என்னும் நூல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காதைகளைக் கொண்டது. கன்னடத்தின் பழைய உரைநடை நூலான வட்டாராதனெயின் 19 கதைகளுக்கும் மூலம் இந்த மரபுதான் என்பர். சல்லேகனை நோற்கும் முனிவருக்குத் துணையிருப்பவர்களை இந்நூல் நிர்யாபகர் என்கிறது. கரை சேரும்வரை உடனிருப்பவர் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

ஒரு முனிவருக்கு எத்தனை நிர்யாபகர் வேண்டும்? 48 பேர் என்கிறது நூல்! நால்வர் நால்வராகப் பணி பிரிக்கப்பட்டிருக்கிறது. எழுப்பி உட்கார வைக்க நால்வர், அறவுரை சொல்ல நால்வர், உணவு கொண்டுவர நால்வர், பானம் கொண்டுவர நால்வர், மலஜலம் அகற்றிப் படுக்கையைச் சுத்தம் செய்ய நால்வர், இரவில் விழித்திருக்க நால்வர், வாசலில் காவலிருக்க நால்வர் என்று பட்டியல் நீளுகிறது. ஒரே ஆள் தலையில் எல்லாம் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

காலம் சரியில்லை, அத்தனை பேர் கிடைக்கவில்லை என்றால்? நால்வர் நால்வராகக் குறைத்துக்கொண்டே வரலாம். கடைசியில் நான்கு பேர், மிக நெருக்கடியில் இரண்டு பேர். அதற்குக் கீழே நூல் இறங்க மறுக்கிறது. ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது. காரணமும் சொல்லப்படுகிறது. அந்த ஒருவர் தன் உணவுக்காக வெளியே போனால் நோன்பாளி கைவிடப்படுகிறார். போகாமல் இருந்தால் அவர் தம்மையே கைவிடுகிறார். எப்படியானாலும் அறத்துக்கே பழி வந்து சேருகிறது.

இதைப் படித்த அன்று நான் கடையிலேயே உட்கார்ந்து கண் கலங்கினேன். ஏன் என்று சொல்லுகிறேன்.

என் வீட்டுக் கணக்கு

அல்சூரில் பாத்திரக் கடை வைத்துப் பிழைப்பவன் நான். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான், மற்றதெல்லாம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் தானாகப் படித்தது. என் தாயார் இடுப்பு எலும்பு முறிந்து நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொண்டது என் மனைவி. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவளே. ஊரிலிருந்து யாராவது வந்தால் "ஹோம் கீம் எல்லாம் நமக்கு எதுக்கு? வீட்டிலேயே வச்சுப் பார்க்கிறோம்" என்று நான் பெருமையாகச் சொல்வேன். பார்த்தது அவள், பெருமை எனக்கு!

2011ல் ஒரு நாள் காலையில் அவள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. காலில் புண். ஒரு வருஷத்துக்கு மேலாக டாக்டரிடமே போகவில்லையாம். "நான் போயிட்டா அத்தையை யார் பார்ப்பாங்க?" என்றாள். இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் புண்ணை நான் பார்க்கவே இல்லை. அதே வீட்டில்தான் இருந்தேன்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாதான் வந்து தாயாருக்குக் கஞ்சி கொடுத்தார். "இத்தனை நாள் ஏன் என்னைக் கூப்பிடவில்லை?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கௌரவம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

உடம்பு ஏன் கெடுகிறது?

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1999ல் வெளியான ஓர் ஆய்வில், வயதான கணவரையோ மனைவியையோ பார்த்துக்கொள்பவர்களை நாலு வருஷம் கவனித்தார்கள். அந்தப் பணியால் மனமும் உடலும் நொந்திருந்தவர்களுக்கு, அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. தூக்கம் கெடுகிறது, தூக்கிப் படுக்க வைத்து முதுகு போகிறது, தன் மாத்திரை மறந்துபோகிறது, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. மனச்சோர்வைச் சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை.

ஊரில் என்றால் சித்தி, பெரியம்மா, ஓரகத்தி என்று நாலு கை இருக்கும். பிழைக்க வந்த இடத்தில் நமக்கு ஒரு கைதான். பிள்ளைகளும் வெளிநாட்டில். ஆகவே நமக்குத்தான் இந்த இரண்டாம் ஆள் விதி அதிகம் பொருந்தும்.

இரண்டாம் ஆளை எங்கே தேடுவது?

கடைச்சாவியை ஒருத்தரிடம் மட்டும் விட்டுவைக்கிற வியாபாரி உண்டா? வீட்டிலும் அப்படியே. நோயாளியின் மாத்திரை, நேரம், டாக்டர் பெயர், அவசரத்துக்கு யாரை அழைப்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாரத்தில் ஒரு அரை நாள் இன்னொருவர் வந்து பழகட்டும். ஆள் விழுந்த பிறகு பழக்க நேரம் இருக்காது. நோயாளியை டாக்டரிடம் காட்டும்போதெல்லாம் பார்த்துக்கொள்பவரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

வெளி உதவியும் நம் ஊரிலேயே இருக்கிறது. முற்றிய புற்றுநோயாளிகளுக்காக 1994ல் தொடங்கிய கருணாஸ்ரயா, காசு வாங்காமல் சேவை செய்கிறது, வீட்டுக்கும் வந்து பார்க்கிறார்கள். ஞாபக மறதி நோய் கண்ட முதியோருக்கு, 1998ல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் இருக்கிறது. மனம் தளர்ந்தால் 2022ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். முதியோர் சம்பந்தமான உதவிக்கு 14567. கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. பார்க்கின்சன், தசைச்சிதைவு போன்ற நோயுள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 1000 ரூபாய் என்று கர்நாடக அரசு 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. தமிழ்நாட்டில் உறவினரை வைத்திருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உண்டு. படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் அது.

இவை எல்லாவற்றையும்விட கேரளத்தின் மலப்புரம் பக்கம் நடந்தது என்னைக் கவர்ந்தது. அங்கே சாதாரண அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, படுக்கையில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். 48 பேர் என்று ஏட்டில் படித்ததை அவர்கள் தெருவில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சங்கம் என்றால்

எங்கள் சமயத்தில் நோயுற்றவருக்குத் தொண்டு செய்வதற்கு வையாவிருத்தம் என்று பெயர். உமாசுவாதி அதை அகத்தவம் ஆறில் ஒன்றாக வைத்தார். உண்ணாமல் இருப்பதைப் புறத்தவத்தில் சேர்த்தவர், பணிவிடையை அகத்தவத்தில் சேர்த்திருக்கிறார் என்பதை யோசிக்க வேண்டும். யாருக்கெல்லாம் அத்தொண்டு என்று பத்துப் பேரை அவர் அடுக்குகிறார். நோயாளியும் அதில் உண்டு, சங்கமும் உண்டு.

நம்முடையதும் சங்கம்தானே! அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைச் சுற்றிக் காலையில் நடக்கிற நம்மில் எத்தனை பேருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் இல்லை? ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, வரக்கூடியவர் பெயரையும் நாளையும் எழுதி வைத்தால் போதும். முதல் பெயராக என் பெயரை எழுதுங்கள். வியாழக்கிழமை பிற்பகல் நான் வருகிறேன்.

என் தாயார் 2013ல் காலமானார். கடைசி வரை வீட்டில்தான் இருந்தார். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவர்கள் நாலு பேர்: என் மனைவி, நான், பகலில் வந்த ஒரு உதவியாள் பெண், எதிர்வீட்டு அம்மா. கல்வெட்டில் இந்தப் பெயர்கள் வராது. பரவாயில்லை. பார்த்துக்கொள்பவர் நலமாக இருந்தால்தான் படுத்திருப்பவரும் நலமாக இருப்பார். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்று இன்றைக்கே யோசியுங்கள். "உனக்கு எப்படி இருக்கு?" என்று அவரைக் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.